எது நற்செய்தி? எது வழக்கம்?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பங்குமக்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே தரப்படுகிறது.)



வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழ்கிறவர்கள் நாம். ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம்மைச் சுற்றிலும் பக்தர் கூட்டம்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறவர்கள் தாணிப்பாறையை நோக்கிச் சாரை சாரையாகப் போகிறார்கள். அந்தச் சந்தடிக்கு நடுவே நம் கோவில் மணியும் காலை, மாலை தவறாமல் ஒலிக்கிறது.

அப்படி ஓர் ஆடி மாதத்தில் நம்மிடம் இரண்டு கேள்விகள் வந்து சேர்ந்தன. முதற்கேள்வி மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டது. "சாமி, என்கூடப் படிக்கிற பையன் சொல்றான், நம்ம சாமி வெள்ளைக்காரன் சாமியாம். நெசமா?" இரண்டாவது கேள்வியை ஒரு பாட்டி கேட்டார். திருப்பலி முடிந்து எல்லாரும் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "சாமி, எங்கப்பா கல்லறையில வெத்தலை பாக்கும் நாலு இட்லியும் வச்சுக் கும்பிட்டேன். அவருக்குப் பிடிக்குமேன்னு வச்சேன். பாவமா சாமி?"

இந்த இரண்டு கேள்விகளும் ஒரே கேள்விதான். நாம் நம்புவதில் எது நற்செய்தி, எது வெறும் வழக்கம்? வெளிநாட்டிலிருந்து வந்ததெல்லாம் வேதமா? நம் மண்ணில் இருந்ததெல்லாம் பாவமா? இன்று இதைச் சேர்ந்து சிந்திப்போம்.

முதலில் அந்தச் சிறுவனுக்குப் பதில் சொல்வோம். இயேசு பிறந்தது ஐரோப்பாவில் அல்ல, ஆசியாவில். அவர் பேசியது அரமேய மொழி. ஐரோப்பாவுக்கும் ஒருநாள் நற்செய்தி வெளியூர்ச் சரக்காகத்தான் போய்ச் சேர்ந்தது. பவுல் ஏதென்ஸ் நகருக்குப் போனபோது அங்கே தெருவெங்கும் சிலைகள். அறியாத கடவுளுக்கு என்று எழுதிய ஒரு பீடத்தையும் பார்த்தார். அவர் அதை இடிக்கச் சொல்லவில்லை. அந்தப் பீடத்தையே பேச்சுக்குத் தொடக்கமாக வைத்துக்கொண்டார். நீங்கள் தேடிக்கொண்டிருப்பவரைப் பற்றித்தான் பேச வந்தேன் என்ற பொருளில் பேசினார். அதற்கு முன்பே எருசலேமில் திருத்தூதர்கள் கூடி ஒரு பெரிய முடிவை எடுத்திருந்தார்கள். பிற இனத்தார் கிறிஸ்துவிடம் வர, முதலில் யூதராக மாறத் தேவையில்லை என்பதே அந்த முடிவு.

ஏறத்தாழ 550 ஆண்டுகள் கழித்து, கி.பி. 601இல், அதே கேள்வி இங்கிலாந்தில் எழுந்தது. அந்நாட்டு மக்களுக்கும் மரங்களும் ஊற்றுகளும் காளைப் பலியும் இருந்தன. என்ன செய்வது என்று தடுமாறிய மறைப்பணியாளருக்காக, திருத்தந்தை பெரிய கிரகோரியார் மெல்லித்து என்ற துறவி வழியாக ஒரு கடிதம் அனுப்பினார். கோவில்களை இடிக்க வேண்டாம், உள்ளே இருக்கும் சிலைகளை மட்டும் அகற்றுங்கள், தீர்த்தம் தெளித்து அவற்றையே ஆலயங்களாக்குங்கள் என்றார். திருநாள் அன்று ஆலயத்தைச் சுற்றி மரக்கிளைகளால் பந்தல் போட்டு, கால்நடைகளை அடித்துச் சமைத்துக் கடவுளுக்கு நன்றி சொல்லி உண்ணட்டும் என்றும் அனுமதித்தார். நம் திருவிழாப் பந்தலையும் அசனச் சாப்பாட்டையும் நினைத்துப் பாருங்கள்.

ஆகவே, ஐரோப்பியச் சமய மரபு என்று நாம் சொல்வதில் பாதி ஐரோப்பாவின் நாட்டார் வழக்கம். கிறிஸ்து பிறப்புக்கு நாம் நிறுத்தும் மரம் ஜெர்மானியர் வழக்கம். திருமண மோதிரம் உரோமையர் வழக்கம். அங்கே ஆண்கள் ஆலயத்துக்குள் தொப்பியைக் கழற்றுவார்கள். இங்கே நாம் செருப்பைக் கழற்றுகிறோம். இரண்டிலும் இருப்பது ஒரே மரியாதைதான். அவர்கள் தங்கள் மண்ணின் பழக்கத்தைத் திருமுழுக்குக் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். நம் மண்ணின் பழக்கத்துக்கு மட்டும் ஏன் அந்த வாய்ப்பு இருக்கக்கூடாது?

இந்தக் கேள்வியைத் தமிழ் மண்ணில் உரக்கக் கேட்டவர் இராபர்ட் தெ நோபிலி. 1577இல் உரோமையில் உயர்குடியில் பிறந்தவர், 1606இல் மதுரைக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு சிறு ஆலயமும் ஒரு போர்த்துக்கீசிய குருவும் இருந்தனர். ஆனால் மதுரை மக்கள் அந்தப் பக்கம் போகவில்லை. காரணம் என்ன? மனம் மாற வருகிறவரிடம் அக்காலத்தில் கேட்ட கேள்வி, பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்பதாம். பரங்கி என்றால் போர்த்துக்கீசியர். கிறிஸ்துவிடம் வா என்று அழைப்பதற்குப் பதிலாக, எங்கள் சாதியில் சேர் என்று அழைத்திருக்கிறார்கள்.

நோபிலி தன் கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார். பாதக்குறடு அணிந்தார். இறைச்சியை விட்டார். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். அவருக்கு முன்பே முத்துக்குளித்துறையில் உழைத்த என்றிக்கே என்றீக்கசு அடிகளார், 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட நூலுக்குத் தம்பிரான் வணக்கம் என்று பெயரிட்டிருந்தார். தம்பிரான் என்பது இந்த மண்ணின் சொல். அந்தப் பாதையில்தான் நோபிலி இன்னும் வெகுதூரம் நடந்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை நாட்டு வழக்கங்கள், அவற்றை விட்டால்தான் மீட்பு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை என்று வாதாடினார்.

அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. உடன்பணியாளரே அவர்மேல் குற்றம் சாட்டினார். 1619இல் கோவாவில் கூடிய அவையில் பலத்த எதிர்ப்பு. கடைசியில் 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை 15ஆம் கிரகோரியார் அவருக்குச் சாதகமாக ஆணை தந்தார். ஆனால் விவகாரம் அதோடு தீரவில்லை. 1704இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை பல வழக்கங்களைத் தடை செய்தது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது என்றது. 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் தடைகளை உறுதிசெய்தார். அவற்றைக் கடைப்பிடிப்பதாக மறைப்பணியாளர்கள் ஆணையிட வேண்டியிருந்தது. அந்த ஆணையிடுதல் 1940இல்தான் நீக்கப்பட்டது. 1969இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, இந்தியத் திருவழிபாட்டுக்கென 12 அம்சங்களுக்கு அனுமதி கிடைத்தது. கைகூப்பி வணங்குவதும் ஆரத்தி எடுப்பதும் அதில் அடங்கும். நாம் இன்று சாதாரணமாகச் செய்யும் காரியங்களுக்குப் பின்னே முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாதமும் கண்ணீரும் இருக்கின்றன.

இதுவரை கேட்டவர்கள், சரி, மண்ணின் வழக்கமெல்லாம் நல்லது, அதைத் தடுத்தவர்கள்தான் தவறு என்று நினைக்கலாம். அவசரப்பட வேண்டாம். நோபிலி நாட்டு வழக்கம் என்று ஏற்றுக்கொண்டவற்றுள் சாதியும் இருந்தது. உயர்த்தப்பட்டோருக்கு ஒரு வகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்ற வேறு வகைக் குருக்கள் என்ற ஏற்பாடு 1640இல் தொடங்கியது. புனித அருளானந்தரும் பண்டாரசாமியாகவே உழைத்து, 1693இல் ஓரியூரில் இரத்தம் சிந்தினார். பண்டாரசாமிகள் எளியவரிடம் போனார்கள், அது அருள். ஆனால் ஒரே ஆண்டவரின் குருக்கள் இரு வகையாகப் பிரிந்து நின்றார்கள், அது காயம். அதே 1704ஆம் ஆண்டு ஆணையின் வேறொரு பகுதி, ஒடுக்கப்பட்டோர் நோயுற்றால் குரு அவர்கள் வீட்டுக்கே சென்று திருவருட்சாதனம் வழங்க வேண்டும் என்றது. தாலி விஷயத்தில் நம்மைப் புரிந்துகொள்ளாத அந்த வெளிநாட்டார், இந்த விஷயத்தில் நற்செய்தியைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார். தலைமுறை தலைமுறையாக நாம் அதை மறந்து, கோவிலில் தனி இடம், கல்லறையில் நடுச்சுவர், சப்பரம் போகாத தெரு என்று வைத்துக்கொண்டோம்.

வெள்ளைக்காரர் மரபு நல்லது, நம் மரபு கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஐரோப்பியத் திருச்சபையும் தன் வழக்கத்தை நற்செய்தியோடு குழப்பிப் பெரும் பாவம் செய்தது. கனடாவில் தொல்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழியையும் முன்னோர் நம்பிக்கையையும் மறக்கச் செய்தார்கள். 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த மண்ணுக்கே சென்று அதற்காக மன்னிப்புக் கேட்டார். புதிதாகக் கண்டுபிடித்த நாடுகள் கண்டவருக்கே சொந்தம் என்ற பழைய கோட்பாட்டை 2023 மார்ச் 30 அன்று வத்திக்கான் வெளிப்படையாக மறுத்தது.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? அதற்கு நம் பக்கத்து ஊருக்கே போவோம். வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காள் கோவில் இருப்பது நமக்குத் தெரியும். கதையும் தெரியும். பஞ்சம் பிழைக்க ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வெளியே போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி கதவை அடைக்கிறாள். பசித்த பிள்ளைகளுக்குச் சோறில்லை. அவமானம் பொறுக்காமல் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்து சாகிறாள். அந்த அபலையை நம் மக்கள் மறக்கவில்லை. தெய்வமாக்கி வைத்தார்கள். அவள் மட்டுமல்ல. நம் தென்மாவட்டங்களில் பொங்கலும் கொடையும் பெறும் சாமிகளில் எத்தனை பேர் அநியாயமாகச் செத்தவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கொல்லப்பட்டவர்கள், கைவிடப்பட்டவர்கள், பசியால் மடிந்தவர்கள்.

இதைப் பேய் வழிபாடு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். ஊர் தன் குற்றத்தை மறக்காமல் வைத்திருக்கும் முறை இது. ஐரோப்பாவிலும் மறைசாட்சிகள் புதைந்த இடத்தில்தான் முதற்பீடங்கள் எழுந்தன. நாமும் ஓரியூர்ச் செம்மண்ணை எடுத்துவந்து வீட்டில் வைக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பீடத்தின்மேல் இருப்பது என்ன? ஊருக்கு வெளியே தள்ளிக் கொல்லப்பட்ட ஒருவரின் உருவம். சத்திரத்தில் இடமில்லை என்று பிறப்பிலேயே கதவடைக்கப்பட்டவர் அவர். நல்லதங்காளைக் கும்பிடுகிறவருக்குச் சிலுவையின் வலியை நாம் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

வேறுபாடும் உண்டு. அதை மறைக்கவும் கூடாது. அநியாயமாகச் செத்தவரின் கோபத்துக்கு அஞ்சி, அதைத் தணிக்கப் படையல் வைப்பது அங்கே நாம் பலமுறை காணும் மனநிலை. நாம் நம்பும் ஆண்டவரோ மூன்றாம் நாள் உயிர்த்து வந்து, தம்மைக் கைவிட்டு ஓடியவர்கள் நடுவில் நின்று, அவர்களுக்குச் சமாதானம் சொன்னார். பழி கேட்கவில்லை. அவரைத் தணிக்க எந்தப் பலியும் தேவையில்லை, தம்மையே அவர் தந்துவிட்டார். இதுதான் நற்செய்தி. இது உரோமையின் வழக்கமும் அல்ல, மதுரையின் வழக்கமும் அல்ல. இரண்டு இடத்துக்கும் இது வெளியிலிருந்து, மேலிருந்து வந்தது. பயத்தைப் போக்கி, அடைத்த கதவைத் திறக்கிற எந்த வழக்கமும் இந்த நற்செய்திக்கு உடையாகலாம். பயத்தை வளர்த்துக் கதவை அடைக்கிற எந்த வழக்கமும், அது லத்தீனில் இருந்தாலும் தமிழில் இருந்தாலும், நற்செய்திக்கு எதிரானது.

இப்போது பாட்டிக்குப் பதில் சொல்வோம். இறந்தோரை நினைக்க நவம்பர் 2ஐ நமக்குத் தந்ததும் ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் ஒரு துறவு மடம்தான். ஆடி அமாவாசையில் தர்ப்பணம் செய்கிறவர் நெஞ்சிலும், கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர் நெஞ்சிலும் இருப்பது பெற்றவர்மேல் உள்ள பாசம். அந்தப் பாசம் பாவமல்ல, அம்மா. ஆனால் உங்கள் அப்பாவுக்கு இப்போது இட்லி வேண்டாம். அவர் இறைவனின் கையில் இருக்கிறார், பசியின்றி இருக்கிறார். அவருக்காகத் திருப்பலியில் மன்றாடுங்கள். அந்த நாலு இட்லியை அவர் பெயரைச் சொல்லிப் பசித்த ஒருவருக்குக் கொடுங்கள். படையல் அப்போது முழுமை பெறும்.

பசித்தவர் என்றதும் ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. நமக்கு மேலே இந்த மலையில் பளியர் வாழ்கிறார்கள். செண்பகத்தோப்பிலும் அத்திக்கோவிலிலும் அவர்கள் குடியிருப்புகள் உண்டு. தேனும் கிழங்கும் அவர்கள் பழைய வாழ்வாதாரம். பளிச்சியம்மனையும் வனதெய்வங்களையும் கும்பிடுகிறவர்கள். தேனெடுக்கப் போகுமுன் சாமியை வேண்டிக்கொள்வார்கள். 1960களில் அவர்களோடு தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், ஒருவரையொருவர் மதிப்பதும், ஒருவரை ஒருவர் அடக்கி ஆளாமல் இருப்பதும், சண்டை வந்தால் அடிக்காமல் விலகிப் போவதும் அவர்களுடைய ஒழுக்கம் என்று எழுதினார். மேல் கீழ் என்று மனிதரை அடுக்கி வைக்கும் நம் பழக்கம் அவர்களிடம் இல்லை. நம் முன்னோர் நாட்டு வழக்கம் என்று சொல்லிச் சாதியைக் கோவிலுக்குள் கொண்டுவந்தார்கள். நம்மைவிட மூத்த குடிகளின் நாட்டு வழக்கமோ சமத்துவம்.

ஒரு கிறிஸ்து பிறப்புக் காலத்தில், பங்கிலிருந்து நாங்கள் சிலர் சேலையும் கேக்கும் எடுத்துக்கொண்டு ஒரு பளியர் குடியிருப்புக்குப் போனோம். குடில் படத்தைக் காட்டி, மாட்டுத்தொழுவில் பிறந்த பாலனைப் பற்றிச் சொன்னோம். ஒரு முதியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவர்கள் சாமியைப் பற்றி நாங்களும் கேட்டோம். பிறகு அவர் மெல்லச் சொன்னார்: "நல்லது சாமி. ரெண்டு சாமியும் நல்ல சாமிதான். கீழ தேன் வாங்குறவங்கள்ட்ட தராசை மட்டும் சரியாப் புடிக்கச் சொல்லுங்க."

திரும்பி இறங்கும்போது எங்களில் யாரும் பேசவில்லை. ஏனென்றால் கீழே தேன் வாங்குகிறவர்கள் யாரோ அல்ல, நாம்தான். அவர் நம் வேதத்தை மறுக்கவில்லை. அதை எங்கே சோதிக்க வேண்டும் என்று சொன்னார். கள்ளத் தராசு ஆண்டவருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் நூல் என்றோ சொல்லிவிட்டது. நாம் அதை மேலே எடுத்துச் சென்று போதிக்கப் போனோம், மேலே இருந்தவர் அதை நமக்குப் போதித்து அனுப்பினார்.

2003 நவம்பரில், தமிழகத்து ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாட்டின் சாயல்கூடத் திருச்சபையின் மறைப்பணிக்குத் தடை என்ற பொருளில் எச்சரித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு, தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. அறிக்கைகள் வந்துவிட்டன. அவை நம் தெருவுக்கு வர வேண்டும். ஆகவே இந்த வாரம் நம் அன்பியங்களில் மூன்று காரியங்களைப் பேசி முடிவெடுப்போம்.

முதலாவது, மலையிலிருந்து வருகிற தேனுக்கும் மற்ற பொருளுக்கும் சரியான எடை, நியாயமான விலை. இரண்டாவது, கல்லறைத் திருநாளன்று நம் இறந்தோர் பெயரில் ஒருவேளைச் சோறு, சாதி பாராமல், ஒரே பந்தியில். மூன்றாவது, நம் சப்பரம் போகாத தெரு ஏதாவது இருந்தால், அடுத்த திருவிழாவில் முதலில் அந்தத் தெருவுக்குப் போக வேண்டும்.

இவை நடந்தால் அந்தச் சிறுவனுக்கு நாம் வேறு பதில் சொல்ல வேண்டியிருக்காது. நம் சாமி வெள்ளைக்காரன் சாமியா, தமிழன் சாமியா என்று அவன் நண்பன் மீண்டும் கேட்டால், "எங்க சாமி கதவைத் திறக்கிற சாமி" என்று அவனே சொல்லிவிடுவான்.

செபிப்போம். எல்லா மக்களையும் படைத்த இறைவா, உம்மைத் தேடிய எங்கள் முன்னோர் அனைவரையும் நீர் அறிவீர். எங்கள் வழக்கங்களில் நல்லதைக் காத்துத் தாரும். அன்புக்குத் தடையானதை எங்கள் கையிலிருந்து எடுத்துவிடும். மலையில் வாழும் எங்கள் சகோதரரோடும், பக்கத்து வீட்டாரோடும், நீதியாகவும் அஞ்சாமலும் வாழ வரம் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக மன்றாடுகிறோம். ஆமென்.